ஒடிந்த உணர்கொம்பு

வியாழன், ஐப்பசி மழை.

கல்வராயன் மலையில், பட்டுப்போன கடுக்காய் மரத்தைத் துளைத்துக்கொண்டிருந்த எள்ளளவு வண்டு அது. உணர்கொம்பின் கணுக்களை எண்ணினால்தான் எந்தப் பேரினம் என்று சொல்ல முடியும். போன வாரம் முழுசாகத்தான் பேராசிரியரிடம் கொடுத்தேன்.

இன்று டப்பாவைத் திருப்பித் தருகிறார். "கொம்பு ரெண்டும் ஒடைஞ்சி பூட்சிம்மா. நீ அட்டையில ஒட்டும்போதே ஒடைச்சிருப்ப. புதுப் பேரினம்னுலாம் எழுத முடியாது. பழசுலயே சேத்துடு."

என் கைதான் பதறிவிட்டதோ என்று நம்பப் பார்த்தேன். அதற்குள் மின்விசிறிக் காற்றில் அவர் மேசைத் தாள் புரண்டது. அடியில் அவர் வரைந்த பென்சில் படம். நெற்றியில் ஒற்றை முள், என் வண்டேதான். இரண்டு கொம்பும் கணு கணுவாக, நுனிவரை இருந்தன. ஒடிந்ததைப் பார்த்தா வரைந்தார்?

"சரிங்க சார்" என்றேன். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?