என் பெயரில் கிடக்கும் கேப்டன் ஆஷ்வெல்

அனுப்புநர்:
வால்டர் கிம்பர்,
தபால்காரர் (முன்னாள் சிப்பாய், எண் 14873),
மில் தெரு, கார்வ்லி, ஷ்ராப்ஷயர்.

பெறுநர்:
தலைமை அலுவலர்,
கல்லறைப் பதிவுப் பிரிவு, லண்டன்.

பொருள்: பிரான்சில் என் பெயரிலுள்ள கல்லறையில் இருப்பவர் கேப்டன் ரோலண்ட் ஆஷ்வெல் – கல் வெட்டுமுன் திருத்தக் கோருதல் – நான்காவது மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் சாகவில்லை. இதை முந்தைய மூன்று மனுக்களிலும் பணிவுடன் தெரிவித்துள்ளேன். நான்காவதையும் இப்படியே தொடங்க வேண்டியிருப்பதற்கு வருந்துகிறேன்.

1. கடந்த பிப்ரவரியில் தங்கள் பிரிவிலிருந்து என் மனைவி ஃப்ளோரிக்கு ஒரு கடிதம் வந்தது. இவ்வூர்த் தபால்காரன் நான் என்பதால் அதை அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்ததும் நானே. பிரான்சின் சோம் போர்முனையில் சிதறிக் கிடந்த உடல்களைச் சேர்த்து அடக்கம் செய்தபோது என் உடலும் கிடைத்ததாகவும், என் கல்லில் பொறிக்க ஒரு வாசகம் எழுதி அனுப்பும்படியும் அதில் கண்டிருந்தது. அவள் இரண்டு முறை படித்துவிட்டு, "செத்தவருக்கு முட்டை ஒண்ணு போதுமா, ரெண்டு போடவா?" என்று கேட்டாள். அன்று சிரித்தோம். இந்த ஐந்து மாதத்தில் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

2. அக்குழியில் இருப்பவர் எங்கள் படைக் கம்பெனியின் கேப்டன் ஆஷ்வெல். நான் அவருடைய பணியாள். போருக்கு முன் பள்ளியில் வரலாறு நடத்தியவர். அணிவகுப்பில் கால் மாற்றி வைப்பார். ஆனால் நடை முடிந்ததும் தாம் உட்காருமுன் மண்டியிட்டு எங்கள் பாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். நூற்றுச் சொச்சம் பேரின் நாறும் கால்கள், ஐயா. எங்கள் கடிதங்களைத் தணிக்கை செய்வதும் அவர் வேலை. ஒருமுறை என்னுடையதைத் திருப்பிக் கொடுத்து, "போன வாரம் உன் சம்சாரத்துக்குப் பல்வலின்னு வருத்தப்பட்டு எழுதியிருந்தே. இந்த வாரம் அதப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலையே, கிம்பர். எழுதிட்டு வா" என்றார்.

3. 1916 செப்டம்பரில், தாக்குதலுக்கு முந்தைய நாள், என் குதிகாலில் சீழ் பிடித்திருப்பதைக் கண்டு என்னைப் பின்னால் தங்கச் சொன்னார். அதிகாரி உடையைக் கண்டால் ஜெர்மானியர் முதலில் அவரைத்தான் சுடுவார்கள் என்பதால், தாக்கப் போகும் அதிகாரிகள் சிப்பாய்ச் சட்டை போட்டுக்கொள்வது வழக்கம். என் சட்டையைக் கேட்டார். "கழுத்துக்குள்ள உன் பேரைத் தச்சு வச்சிருக்கியே, அதப் பிரிச்சிடு" என்றார். நான் பிரிக்கவில்லை. பெயர் இல்லாவிட்டால், சட்டை திரும்பி வரும்போது வேறு எவனாவது சுருட்டிக்கொள்வான் என்று நினைத்தேன். அவரும் திரும்பவில்லை, சட்டையும் திரும்பவில்லை. தங்கள் பிரிவின் தவறுகளைச் சொல்ல வந்த மனுவில் என் தவறையும் சொல்லிவிடுகிறேன். அதுதான் முதல் தவறு.

4. கழுத்தில் அணியும் அடையாள வில்லை கிடைக்கவில்லை என்று தங்கள் அறிக்கையே கூறுகிறது. கிடைத்தவை: என் பெயர் தைத்த சட்டை; அதிகாரிகள் அணியும் வகைக் காலணி; அதன் இடது குதியில் ஐந்து ஆணியால் அடித்த தகரத் துண்டு. கேப்டனின் காலணிக்காக அந்தத் தகரத்தை ஜாம் டப்பாவிலிருந்து வெட்டியவன் நான். ஐந்து ஆணியும் நான் அடித்தவை. இதை எழுதியதற்கு, சிப்பாய் கிம்பர் தம் அதிகாரியின் காலணியைத் திருடி அணிந்திருக்கலாம் என்று தங்கள் உதவியாளர் பதிலளித்தார். என்னைப் பிணமாக்கியது போதாதென்று திருடனாகவும் ஆக்கிவிட்டார். பிறகு என் படைவிடுப்புச் சான்றிதழை அனுப்பினேன். இறந்தவர் மனுச் செய்ய இயலாது, வாரிசு கையொப்பமிட வேண்டும் என்றார்கள். ஃப்ளோரி கையொப்பமிட்டாள். கணவர் உயிருடன் இருப்பதாக அவருடைய விதவை கூறுவதை ஏற்பதற்கில்லை என்று அதுவும் திரும்பி வந்தது.

5. சென்ற வாரம் வந்த கடிதம்தான் இம்மனுவுக்குக் காரணம். நான் உயிருடன் இருப்பது உறுதியானால் என் பெயரை நீக்கிவிட்டு, 'பெயர் தெரியாத சிப்பாய்' என்று பொறிப்பார்களாம். கேப்டன் காணாமற்போனோர் பட்டியலிலேயே இருப்பாராம். கற்கள் அடுத்த மாதம் வெட்டப்படுமாம்.

6. கேப்டனின் தாயார் திருமதி ஆஷ்வெல்லின் வீடு என் தபால் சுற்றில் கடைசி வீடு. ஒரே மகன். தினமும் வாசற்கதவருகே நின்று, "வந்துச்சா, கிம்பர்?" என்பார். "இன்னிக்கு இல்லீங்கம்மா" என்பேன். வரும் செப்டம்பரில் தேவாலயக் குழுவினருடன் மகனின் கல்லறையைப் பார்க்கப் பிரான்ஸ் செல்கிறார். சட்டைப் பெயரைப் பிரிக்காததை அவரிடம் சொல்லி அழுதேன். "அவன் சொன்னத யாருமே கேட்டதில்லப்பா. அவனும் அதுக்குக் கோவிச்சுக்கிட்டதில்ல" என்றார்.

ஆகவே, அக்கல்லில் கேப்டன் ரோலண்ட் ஆஷ்வெல்லின் பெயரைப் பொறிக்க உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். காலணி தைத்தவரின் சான்றும், சட்டை மாற்றியதைக் கண்ட சார்ஜென்டின் வாக்குமூலமும் இத்துடன் உள்ளன.

அது தங்களால் ஆகாதெனில், என் நான்கு மனுக்களையும் கிழித்துப் போட்டுவிடுங்கள். நான் செத்தவனாகவே இருந்துகொள்கிறேன். என் பெயரை மட்டும் அந்தக் கல்லிலிருந்து எடுக்காதீர்கள். பெயரில்லாத ஆயிரம் கற்களுக்கு நடுவே அந்த அம்மா மகனை எங்கே தேடுவார்? என் பெயர் இருந்தால் நேராக அங்கே போய் நிற்பார்.

இடம்: கார்வ்லி
நாள்: 11 ஜூலை 1921

இப்படிக்கு,
தங்கள் முடிவு எதுவோ அதன்படி உயிருடனோ இல்லாமலோ இருக்கும்,
வால்டர் கிம்பர்