பஸ்ஸுக்கு ஓடாத அம்மா

அம்மா,

இன்று காலை ஆபீஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் புடவைக்கு ஊக்கு தேடினேன். உன் பீரோவின் மேல்தட்டில் பழைய மாத்திரை டப்பா ஒன்று இருந்தது. திறந்தால் உள்ளே நிறைய ஊக்கு, எல்லாம் ஒரே அளவு. மாரத்தானில் பனியன்மேல் நம்பர் சீட்டைக் குத்திக்கொள்ளக் கொடுப்பார்களே, அவை. ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் ஒழுங்காகக் கழற்றி எடுத்துவந்து சேர்த்திருக்கிறாய். பதக்கங்களை எங்கே போட்டாய் என்று இன்றுவரை தெரியவில்லை, ஊக்குகள் மட்டும் பத்திரமாக இருக்கின்றன. இனி நம் வீட்டில் யாரும் ஊக்கு வாங்க வேண்டியதில்லை.

நீ போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. விசாரிக்க வருகிறவர்கள் எதிர்பார்க்கிற அளவுக்கு எனக்கு அழுகை வருவதில்லை. உன்னிடம் இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை, நீயும் அப்படித்தான். அப்பா இறந்த அன்று, வந்தவர்களுக்குப் பால் போதுமா என்று கவலைப்பட்டவள் நீ.

நீ ஓட ஆரம்பித்தபோது உனக்கு ஐம்பதை ஒட்டிய வயது. தாம்பரத்தில் ரயில்வே அலுவலகத்தில் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை. முட்டி வலி வேறு. தம்பி ஜோயலுக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. அவனுக்கு ஆட்டிசம் என்பது குழந்தையிலேயே நமக்குத் தெரியும். அவன் தானாகப் பேசமாட்டான், கேட்டதைத்தான் திருப்பிச் சொல்வான். அதோடு வாழப் பழகியும் விட்டோம். ஆனால் மீசை வந்ததும் ஊர் மாறிவிட்டது.

மார்க்கெட்டில் அந்தப் பாத்திரக்கடை நினைவிருக்கிறதா? ஜோயலுக்கு எவர்சில்வர் என்றால் உயிர். வரிசையாக அடுக்கியிருந்த சொம்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போயிருக்கிறான். கடைக்காரர் பெயர் கேட்டார், அவன் சொல்லவில்லை. சட்டையைப் பிடித்து ஓர் அறை விட்டுவிட்டார். நீ வாழைப்பழம் வாங்கிவிட்டுத் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு பல வாரங்கள் அவன் வீட்டுக்குள் நடந்துகொண்டே "யார்றா நீ? யார்றா நீ?" என்று அந்தக் கடைக்காரரின் குரலிலேயே கேட்டுக்கொண்டிருந்தான். நாம் இருவரும் டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தோம்.

"சின்னப் பையனா இருந்தப்போ எதையாவது தொட்டா பாவம்னாங்க. இப்ப திருடன்னு பாக்கறாங்க," என்றாய். அந்த மாதமே ஓட்டக்காரர்கள் குழு ஒன்றில் சேர்ந்துவிட்டாய். ஆட்டிசம் பற்றி நாலு பேருக்குத் தெரியவைக்கவும், ஜோயல் போய்வந்துகொண்டிருந்த சிறிய மையத்துக்குப் பணம் திரட்டவும் மாரத்தான் ஓடப்போகிறேன் என்றாய். பஸ் நிறுத்தத்துக்கு நடக்கவே ஆட்டோ தேடுகிறவள் சொல்கிறாளே என்று நான் சிரித்தேன்.

பணம் கேட்பதில் உனக்கு வெட்கமே இருந்ததில்லை. உன்னைக் கண்டதும் ரயில்வே காலனியில் ஆட்கள் எதிர்ச்சாரிக்கு மாறினார்கள். நீயும் எதிர்ச்சாரிக்கு மாறினாய். அந்த மையத்துக்கு ஓர் ஊஞ்சலும், பேச்சுப் பயிற்சி தர ஓர் ஆசிரியையும் கிடைத்தது அப்படித்தான். நம் சபையில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் முன்னால் போய் நின்று உதவி கேட்டாய். போதகர் நல்ல மனிதர். உடனே ஜோயலைக் கூப்பிட்டுத் தலையில் கை வைத்து, பிள்ளை சுகமாக எல்லோரும் ஜெபிப்போம் என்றார். ஜோயலுக்குத் தலையைத் தொட்டால் ஆகாது. நீ அவர் கையை மெல்ல எடுத்துவிட்டாய்.

"பாஸ்டர், அவனுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல. ஜெபம் பண்றதா இருந்தா என் முட்டிக்குப் பண்ணுங்க. அதுதான் வலிக்குது."

சபை மொத்தமும் சிரித்தது. போதகரும் சிரித்துவிட்டு, மனப்பூர்வமாக உன் முட்டிக்காக ஜெபித்தார்.

காலை நேரத்தில் தாம்பரத்தில் ஒரு பெண் சுடிதாரில் ஓடினால், அவள் பஸ்ஸை விட்டவள் என்றுதான் அர்த்தம். ஆரம்பத்தில் ஆட்டோக்காரர்கள் உன் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு வருவார்களாம். "இன்னாம்மா, பஸ்ஸு வுட்டுட்டியா? குந்து, கேம்ப் ரோடுல புடிச்சிரலாம்!" ஒருநாள் தெருவே சேர்ந்து கத்தி, யாரோ பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டி, கண்டக்டர் விசிலடித்து, வண்டியை உனக்காக நிறுத்திவிட்டார்கள். அத்தனை பேர் பாடுபட்டு நிறுத்திய பஸ்ஸில் ஏறாமல் போவது மரியாதை இல்லை என்று ஏறிவிட்டாய்.

கண்டக்டர் டிக்கெட்டுக்குக் கை நீட்டினார். "எங்கம்மா போணும்?"

"எங்கயும் இல்லப்பா. நான் பஸ்ஸுக்கு ஓடல. என் பையனுக்காக ஓடறேன்."

"பையன் எந்த பஸ்ல போறான்?"

அடுத்த நிறுத்தம் வரும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ் முழுவதற்கும் ஆட்டிசம் பற்றி விளக்கியிருக்கிறாய். பின் சீட்டிலிருந்து ஒருவர், "ஆட்டிசம்னா இன்னாம்மா, புதுக் கட்சியா?" என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். சிரித்து முடித்துவிட்டு, "ஓடறது கெடக்கட்டும்டி. நின்னு பேசறதுதான் வேலை போல," என்றாய். எனக்கு அது வேடிக்கையாக மட்டும்தான் பட்டது.

அன்றிலிருந்து நீ மெயின் ரோட்டை விட்டு இறங்கவில்லை. குழுவில் எல்லோரும் ஏரிக்கரையிலும் நிழல் சாலைகளிலும் ஓட, நீ மட்டும் வேளச்சேரி சாலையில் பஸ் புகைக்குள் ஓடினாய். கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம், ஞாயிறு என்றால் சந்தோஷபுரம் வரை. பனியனின் முதுகில் ஜோயலின் படம். வழியில் டீக்கடை கண்டால் நிற்பாய், பஞ்சர் கடையில் நிற்பாய், பூ விற்கிறவளிடம் நிற்பாய். சாயங்காலம் அதே கடைகளுக்கு ஜோயலையும் கூட்டிக்கொண்டு நடப்பாய். உன் பயிற்சியாளர் என்னிடமே புலம்பினார்: "மேடம் டைமிங் ரொம்ப மோசம். எல்லா கடையிலயும் நின்னுடறாங்க." நான் உன்னிடம் கேட்டபோது, "டைமிங்குக்கு யாருடி ஓடறா?" என்றாய். சந்தோஷபுரத்தோடு ஏன் திரும்பிவிடுகிறாய், இன்னும் கொஞ்சம் வந்தால் கல்யாணமாகி நான் குடிபோன வீடு மேடவாக்கத்தில் இருக்கிறதே என்றதற்கு, "அதுக்கு மேல தண்ணி லாரிங்க. உயிரோட வந்து சேர மாட்டேன்," என்றாய்.

மையத்தில் பெற்றோர் கூடினால் கடைசியில் பேச்சு ஒரே இடத்துக்குத்தான் வரும். நமக்கப்புறம் இந்தப் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்? நீ மட்டும் அதைப் பேசமாட்டாய். ஒருநாள் அடுக்களையில் நானே கேட்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே, நிமிராமல், "உன் தலையில கட்டிட்டுப் போக மாட்டேன், பயப்படாத," என்றாய். நான் பயப்படவில்லை என்றேன். பயந்துதான் இருந்தேன், அம்மா. அவன்மேல் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் வேலை, வீடு, கணவர் என்று என் வாழ்க்கை ஒரு மாதிரி அமைந்துவிட்டிருந்தது. அதில் அவனை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஓட்டங்களில் ஓரமாக நின்று உற்சாகப்படுத்தும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பொய்யைத்தான் சொல்வார்கள்: "கமான் ஆன்ட்டி! இன்னும் கொஞ்ச தூரம்தான்!" பாதி தூரம்கூடத் தாண்டாதவர்களுக்கும் அதைத்தான் சொல்வார்கள். ஜோயல் அதைப் பிடித்துக்கொண்டான். உன் கடைசி நாட்களில், மருத்துவமனையில் உன் கட்டிலருகே நின்று, ஒரு மதியம், சத்தமாகக் கைதட்டி அதையே சொன்னான். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவன் வாயைப் பொத்தப் போனேன். நீ தடுத்தாய்.

"விடு. டாக்டருங்க யாரும் சொல்லல. இவன் ஒருத்தன்தான் உள்ளதச் சொல்றான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாய். நீ சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி. ஓடி ஓடியே உடம்பைக் கெடுத்துக்கொண்டாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பித்தப்பையில் புற்றுநோய் வருவதற்கும் ஓடுவதற்கும் சம்பந்தம் இல்லை என்று எல்லோருக்கும் விளக்கி எனக்கு அலுத்துவிட்டது.

அடக்கம் முடிந்ததும் ஜோயலை மேடவாக்கத்துக்கு அழைத்துப் போனேன். என் கணவர் தன் கம்ப்யூட்டர் அறையைக் காலிசெய்து கொடுத்தார். ஒன்பதாவது மாடி, பால்கனிக்கு வலை, வாசலில் செக்யூரிட்டி. பாதுகாப்புக்குக் குறைவில்லை என்று நினைத்தோம். இரண்டாம் வாரமே குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. 'பார்க்கிங்கில் சந்தேகப்படும்படி ஓர் ஆள். யாருக்காவது தெரியுமா?' படத்தில் ஜோயல், ஒரு காரின் கண்ணாடியைத் தொட்டபடி நின்றிருந்தான். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கி ஓடினேன். அங்கே செக்யூரிட்டி அவன் கையை முறுக்கிப் பிடித்திருந்தார். அவன் அவரைப் பார்த்து, "யார்றா நீ? யார்றா நீ?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். தன்னைக் கேலி செய்கிறான் என்று அவருக்குக் கோபம் ஏறிக்கொண்டே போனது.

அதன் பிறகு கதவுக்கு உள்பக்கம் பூட்டுப் போட்டேன். என்னால் வேறு என்ன செய்ய முடியும் என்று தெரியவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, தண்ணீர் கேன் போடுகிறவர் வந்துபோன இடைவெளியில் ஜோயல் இறங்கிப் போய்விட்டான். என் கணவர் பைக்கில் ஒருபக்கம் போனார். நான் கூட்டுரோட்டில் நின்று வருகிற போகிற தண்ணீர் லாரிகளின் சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு பயத்தை நான் அறிந்ததில்லை. போலீஸ் ஸ்டேஷனில் அடையாளம் கேட்டார்கள். சட்டை நிறம்கூட எனக்கு நினைவுக்கு வரவில்லை.

வெயில் ஏறிய பிறகு, தெரியாத நம்பரிலிருந்து ஓர் அழைப்பு. "அக்கா, ஓடற ஆன்ட்டி பொண்ணா நீங்க? தம்பி இங்க கேம்ப் ரோடு ஸ்டாண்டுலதான் கீறான். பதறாம வாங்க."

போய்ப் பார்த்தால் ஆட்டோ ஸ்டாண்டில், நிழலில், உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தான். அவனை முதலில் பார்த்தது யார் என்று அங்கே ஒரு சண்டையே நடந்துகொண்டிருந்தது. விஷயம் இதுதான்: சந்தோஷபுரம் பஞ்சர் கடைக்காரர் அவன் தனியாகப் போவதைப் பார்த்து, ராஜகீழ்ப்பாக்கம் டிபன் கடைக்குப் போன் செய்திருக்கிறார். அவர்கள் அடுத்த கடைக்குச் சொல்லியிருக்கிறார்கள். சாலை நெடுக ஒருவர் மாற்றி ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஒருவர்கூட அவனைப் பிடித்து நிறுத்தவில்லை. பூக்கார அம்மா மட்டும் பாதி வழியிலிருந்து அவனோடு நடந்தே வந்திருக்கிறார்.

"கையப் புடிச்சா மெரளுவான், பக்கத்துல நடந்தா போதும்னு உங்கம்மா சொல்லிக்கீது. அதான் கூடவே வந்தேன். பூவெல்லாம் வாடிப்பூடுச்சு, பாரு," என்று கூடையைக் காட்டினார்.

என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். கூப்பிட்ட ஆட்டோக்காரர் என்னை விநோதமாகப் பார்த்தார். "உங்கம்மாதான் குடுத்துது. கடேசியா வந்தப்போ ஓடல, நடந்துதான் வந்துது. கடைக்குக் கடை ஏறி, இனிமே எதுனாலும் இந்த நம்பருக்குப் போடுங்கன்னு சொல்லிட்டுப் போச்சு."

நோய் இன்னதென்று தெரிந்த பிறகு, மருந்துக் கடைக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பி, மதியம் தாண்டித் திரும்பி வருவாயே, அந்த நாட்களில்தான் இதைச் செய்திருக்கிறாய். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இத்தனை வருடமும் நீ எதற்காக அந்தப் புகையில் ஓடினாய் என்பதை ஓர் ஆட்டோ ஸ்டாண்டில் நின்று நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் ஜோயல் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பூக்கார அம்மா, "ஒண்ணும் ஆவல, அதான் வந்துட்டானே," என்று எனக்கு ஒரு டீ சொன்னார்.

மேடவாக்கம் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, இங்கே உன் வீட்டுக்கே வந்துவிட்டோம். என் கணவர் கேளம்பாக்கத்தில் இருக்கும் ஆபீஸுக்குப் போய்வருவதைப் பற்றித் தினம் முணுமுணுக்கிறார், போகவும் செய்கிறார். நான் ஓடுகிற ஆள் இல்லை. சாயங்காலம் ஜோயலும் நானும் மெயின் ரோட்டில் நடக்கிறோம். புதிதாக ஏதாவது கடை திறந்திருந்தால், வேண்டுமோ வேண்டாமோ, உள்ளே போய் ஏதாவது வாங்கிவிட்டு இவன்தான் என் தம்பி என்று சொல்லிவிட்டு வருகிறேன். பேச ஆரம்பிக்கும்போது இன்னும் நாக்கு கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது. உனக்கு அது எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று கேட்டுவைத்திருக்க வேண்டும்.

போன வாரம் கேம்ப் ரோட்டில் வயதான ஆட்டோக்காரர் ஒருவர் நிறுத்தினார். ரொம்ப நாள் சொந்த ஊரில் இருந்துவிட்டு இப்போதுதான் திரும்பியிருக்கிறார் போல. ஜோயலை அடையாளம் கண்டுகொண்டு, "ஓடற ஆன்ட்டிய காணோமே, எங்க?" என்று கேட்டார். நீ இறந்துவிட்டதைச் சொன்னேன். ஆட்டோவின் இன்ஜினை அணைத்தார். பிறகு, "அப்ப தம்பிய யாரு பாத்துக்கறது?" என்றார்.

'நாங்க' என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"நாமதாண்ணா," என்றேன்.

அவர் யோசிக்கக்கூட இல்லை. "ஆமா, பின்ன?" என்று சொல்லிவிட்டு, ஜோயல் போவதற்கு இடம்விட்டு ஆட்டோவைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.