பதினோரு காலி இடங்கள்

2023 நவம்பர் 14

மழை. ஹெப்பாள் கோடவுன் கூரை மறுபடி ஒழுகுகிறது. நாளைக்கு ஆள் வர வேண்டும்.

பத்து மணிக்கு ஒரு பெண் வந்தாள். அனுப்ரியா. ரயில்வே குடும்பத்துத் தமிழ்ப் பெண், யாதவகிரியில் வீடு. பல்கலைக்கழகத்தில் கடல் உயிர்களைப் பற்றி ஆராய்ச்சி. மைசூரில் கடல் எங்கே அம்மணி என்றேன். "எங்க டிபார்ட்மெண்ட்லயே அதைத்தான் கேக்கறாங்க சார்" என்று சிரித்தாள்.

விஷயம் இதுதான். நான் வாங்கித் தீவனத்தில் கலந்து விற்கிற மீன் எண்ணெயில் முக்கால்வாசி ஆர்க்டிக் கடலிலிருந்து வருகிறது. விரல் நீளச் சின்ன மீன், உடம்பெல்லாம் கொழுப்பு. அந்த மீன் எவ்வளவு இருக்கிறது, அது தின்கிற மிதவை உயிர்கள் எவ்வளவு என்று இவர்களும் நார்வேக்காரர்களும் சேர்ந்து வருடா வருடம் கப்பலில் போய் அளக்கிறார்கள். இரண்டு அரசாங்கமும் பங்கு போடுகின்றன. இனிமேல் மூன்றாவது பங்கைத் தொழில் செய்கிறவன் ஒருவன் போட்டால்தான் மற்ற இரண்டும் கைக்கு வருமாம்.

"சரக்கு எங்கேருந்து வருதுன்னு நீங்க தெரிஞ்சுக்க வேணாமா சார்?"

கெட்டிக்காரி. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? ராமாபுரத்திலிருந்து கருவாட்டு மூட்டையோடு பஸ் ஏறி வந்தவன் நான். இரண்டு நாட்டு அரசாங்கம் என் முகத்தைப் பார்த்து நிற்கிறது.

நவம்பர் 20

பங்கு போட ஒப்புக்கொண்டேன். ஒரே நிபந்தனை: திட்டம் போடும் கூட்டத்தில் எனக்கும் ஒரு நாற்காலி.

2024 பிப்ரவரி 6

கூட்டம், பல்கலைக்கழகத்தில் அனுப்ரியாவின் அறையில், கம்ப்யூட்டர் திரையில். நார்வே பக்கம் தலைவி ஹில்டா, வெள்ளை முடி, அதிகம் பேசாத அம்மாள். கடல் வரைபடத்தில் இருபத்து நாலு புள்ளி. வருடா வருடம் அதே இருபத்து நாலு இடத்தில்தான் வலை போட்டு அளப்பார்களாம். இந்த வருடம் டீசல் விலை ஏறிவிட்டது. இருக்கிற பணத்துக்குக் கப்பல் பதினைந்து நாள்தான் ஓடும். எல்லா இடத்துக்கும் போக முடியாது.

எதை விடுவது என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேன், போன தடவை எத்தனை இடத்தில் மீன் கிடைத்தது? பதின்மூன்று. மற்ற பதினொன்று? இரண்டு வருடமாக ஒன்றுமில்லை.

"அப்புறம் அங்க எதுக்குங்க போகோணும்? சரக்கில்லாத சந்தைக்கு எவனாச்சும் வண்டி கட்டுவானா?"

அனுப்ரியா இதை ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு ஹில்டா மெதுவாக ஏதோ சொன்னாள். காலி என்பதும் ஓர் அளவுதானாம். மீன் கிடைத்ததில் ஆறு, காலியில் ஆறு என்று கலந்து எடுப்போம் என்றாள் அனுப்ரியா.

"அம்மணி, எம் பணத்துல வெறுந்தண்ணிய அள்ளீட்டு வர்றதுக்கு நான் ஒத்துக்க மாட்டனுங்க."

மூன்றாவது பங்கு போட வேறு ஆள் இல்லை. பதின்மூன்று என்று முடிவானது. எல்லோரும் போன பிறகும் ஹில்டா திரையை அணைக்காமல் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அனுப்ரியா வாசல் வரை வந்து, "பேடா சார். இது வேண்டாம். இன்னொரு தடவை யோசிங்க" என்றாள்.

நான் யோசித்துத்தான் பேசுகிறேன். வீண் செலவை வெட்டத் தெரியாதவன் கடை வைத்து என்ன பயன்?

ஆகஸ்ட் 29

கப்பலிலிருந்து அனுப்ரியா போட்டோ அனுப்பியிருக்கிறாள். வெறும் பனிமூட்டம். கீழே எழுதியிருந்தாள்: "வழியில் நாம் விட்டுவிட்ட இடங்களில் ஒன்றைத் தாண்டினோம் சார். ஒரு பறவைகூட இல்லை. எஞ்சின் சத்தம் மட்டும்தான். நிறுத்தி வலை போடத் திட்டத்தில் நேரம் இல்லை."

பறவை இல்லாவிட்டால் எனக்கென்ன. ஆனாலும் இரண்டு தடவை படித்தேன்.

2025 ஜனவரி 22

அறிக்கை வந்துவிட்டது. போன தடவை இடத்துக்குச் சராசரி பத்துக் கிலோ. இந்தத் தடவை பதினாறு. பத்து பதினாறாகியிருக்கிறது! வீட்டுக்காரி ஆண்டாளிடம் சொன்னேன். "கப்பலுக்குப் பணம் போட்டது நம்ம. மீனு ஏறுனதும் நம்மளாலயா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

பேங்குக்கும், மீன் பிடித்து எண்ணெய் அனுப்புகிற என் நார்வே சப்ளையர் ஓலாவுக்கும், இரண்டு அரசாங்கத்துக்கும் கொடுக்க இரண்டு பக்கச் சுருக்கம் தயார் செய்யச் சொன்னேன். வரைபடம், பதின்மூன்று இடங்கள், பத்து, பதினாறு. அவ்வளவு போதும். முப்பத்தோராம் பக்கத்தில் இருக்கிற ஒரு பாராவை மட்டும் விடாதீர்கள் என்று அனுப்ரியா மூன்று தடவை போன் செய்தாள்.

"ரெண்டு பக்கத்துல இடமில்ல அம்மணி."

"நீங்களாவது படிச்சீங்களா சார்?"

படிக்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 18

கையெழுத்தாகிவிட்டது. ஓலாவோடு ஐந்து வருட எண்ணெய் ஒப்பந்தம், நான் முழுக்க முன்பணம் கொடுப்பது, விலை ஏறாது. ஓலாவும் அந்த இரண்டு பக்கத்தைப் பார்த்துத்தான் புதிதாக இரண்டு படகு வாங்கியிருக்கிறான். நஞ்சன்கூட்டில் எண்ணெய் டாங்க் கட்ட ஆரம்பித்தாயிற்று. கோடவுன், குவெம்புநகர் வீடு இரண்டின் பத்திரமும் பேங்கில்.

"வீட்டையுமா?" என்றாள் ஆண்டாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

ஜூன் 11

கொள்ளேகால் லைன் பார்க்கிற கணேஷ்குமார், கடைக்குச் சராசரி ஆர்டர் கூடியிருக்கிறது என்று ஊக்கத்தொகை கேட்டு வந்தான். ஆனால் நம் தீவனம் மொத்தமாகப் போவது குறைந்திருக்கிறது. அது எப்படி? பட்டியலை வாங்கிப் பார்த்தேன். முப்பது கடையில் பதினெட்டுக்குத்தான் போயிருக்கிறான்.

"மிச்சம் பன்னெண்டு?"

"வாங்கறதே இல்லைங்க. பாதிக் கடை பூட்டிக் கெடக்குது. பூட்டுன கடைக்கு எதுக்குங்க போகோணும்? பெட்ரோல்தான் தெண்டம்."

"ஏப்பா, வாங்கறவனை மட்டும் எண்ணீட்டு வந்தா யாவாரம் பெருத்த மாதிரிதான் தெரியும். ஏன் பூட்டுனான்னு போய்ப் பாக்கறதுக்குத்தான உனக்குச் சம்பளம்?"

கத்தினேன். அடுத்த அறையிலிருந்து டைப் அடிக்கிற நிர்மலா எட்டிப் பார்த்தாள். கணேஷ்குமார் தலையைக் குனிந்துகொண்டு, "நீங்கதானுங்க வீண் செலவு வேண்டாம்னீங்க" என்றான்.

அவனை அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். கோபம் அவன் மேல் என்றுதான் நினைத்தேன்.

இல்லை.

ஜூன் 12

முப்பத்தோராம் பக்கம் படித்தேன். ஆறு வரி. போன தடவை மொத்தம் இருநூற்று நாற்பது கிலோ. அதை இருபத்து நாலால் வகுத்தால்தான் பத்து. மீன் இருந்தது பதின்மூன்று இடத்தில்தானே, பதின்மூன்றால் வகுத்தால் பதினெட்டரை. பதினெட்டரைதான் இப்போது பதினாறாகியிருக்கிறது. ஏறவே இல்லை. இருக்கிற இடத்திலேயே குறைந்திருக்கிறது. இல்லாத இடம் இப்போது எவ்வளவு பெரிதாகியிருக்கிறதோ, யாருக்குத் தெரியும்?

கொள்ளேகால் சந்தையில் மனக்கணக்கிலேயே பிழைத்தவன் நான். இந்த வகுத்தல் எனக்குத் தெரியாதா? தெரியும். பதினாறு பிடித்திருந்தது, வகுத்துப் பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

அனுப்ரியாவைக் கூப்பிட்டேன். இந்த வருடம் அந்தப் பதினோரு இடத்துக்கும் போங்கள், மூன்று பங்கையும் நானே போடுகிறேன் என்றேன். எங்கிருந்து போடுவேன் என்று தெரியாமலே சொன்னேன்.

"ப்ராஜெக்ட் க்ளோஸ் ஆய்த்து சார். போன மாசமே. மீன் நல்லா ஏறியிருக்கு, இனி வருஷா வருஷம் அளக்கத் தேவையில்லைன்னு ரெண்டு கவர்ன்மெண்டும் நிறுத்திட்டாங்க. கப்பலை வேற கடலுக்குக் கொடுத்தாச்சு."

"முப்பத்தோராம் பக்கத்தை அவங்க படிக்கலையா?"

"அவங்க கைல இருந்தது உங்க ரெண்டு பக்கம் சார்."

அக்டோபர் 3

நஞ்சன்கூட்டில் டாங்க் தயார். பூசை போடலாமா என்று மேஸ்திரி கேட்டான். அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

நவம்பர் 27

ஓலாவ் எழுதியிருக்கிறான். மீன் வருகிறது, ஆனால் மெலிந்து வருகிறது. அதே எடைக்கு எண்ணெய் பாதிதான். தின்ன ஏதாவது இருந்தால்தானே கொழுக்கும்?

2026 பிப்ரவரி 9

முதல் கப்பலில் பத்தில் இரண்டு பங்கு சரக்குதான் வந்தது. கூடவே ஓலாவின் கடிதம். "உங்கள் வரைபடத்திலுள்ள பதின்மூன்று இடத்திலும் வலை போட்டோம். முதல் பத்து நாள் நன்றாக வந்தது. இப்போது எங்குமே இல்லை. ஆய்வுக் குழுவில் நீங்கள் இருந்தீர்கள். வேறு இடங்கள் பட்டியலில் உண்டா? மீன் எங்கே போயிருக்கும்?"

அளப்பதற்காகக் குறித்த இடங்கள். மீதி மீன் எங்கே ஒதுங்கியிருக்கிறது என்று படகுக்காரனுக்கு நானே வழி காட்டியிருக்கிறேன்.

வக்கீல் வெங்கடசுப்ரமணியனிடம் காட்டினேன். "ஒரு வரி எழுதிடாதீங்கோ. தப்பு உங்க பேப்பர்லன்னு ஒத்துண்டா முன்பணம் ஒரு பைசா திரும்பாது, வீடும் போயிடும். தெரியாதுன்னு சொல்லுங்கோ. தெரியாதுங்கறது பொய் இல்லையே?"

பொய் இல்லைதான்.

பிப்ரவரி 11

எழுதிவிட்டேன். அனுப்ரியாதான் ஆங்கிலத்தில் போட்டுக் கொடுத்தாள். "பட்டியலில் இன்னும் பதினோரு இடங்கள் இருந்தன. அங்கே மீன் இல்லை என்று தெரிந்துதான் கப்பலைப் போகவிடவில்லை. விடாதவன் நான். சராசரி ஏறியது பொய்க் கணக்கு. மிச்சமிருப்பது கொஞ்சம்தான். படகுகளைத் திருப்பிக் கூப்பிடுங்கள்." படித்துக் காட்டிவிட்டு, "அனுப்பவா சார்?" என்று என் முகத்தைப் பார்த்தாள். அனுப்பு என்றேன்.

ஆண்டாளிடமும் சொன்னேன். "செரி, பாத்திரத்த எப்ப மூட்டை கட்டறது?" என்றாள்.

பிப்ரவரி 12

ஓலாவின் பதில் வந்தது. உண்மையைச் சொன்னதற்கு நன்றியாம். இரண்டு படகும் கடனில் வாங்கியவை, கரையில் நிறுத்தினால் தவணை கட்ட முடியாது, மிச்சமிருப்பதை வேறு யாராவது பிடிப்பதற்குள் நாளைக் காலை மறுபடி அந்தப் பதின்மூன்று இடத்துக்கே போகிறார்களாம்.

அவன் இடத்தில் இருந்தால் நானும் போகத்தான் சொல்லியிருப்பேன்.