நம் வீட்டில் இல்லாத நாய்க்குக் காப்பீடு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், அம்மாவின் இடது முழங்கால் மட்டும் நினைத்தால் நலம், நினைத்தால் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன். போன கடிதத்தில் உன் மாமா என் கணக்கிலிருந்து பணம் எடுக்கிறான் என்று எழுதியிருந்தேன் அல்லவா, அது தவறு. அவன் எடுக்கவில்லை. இந்த வரியை எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று, அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன்.

பார்சல் ஒன்று வந்து நிற்கிறது, விவரம் கொடுங்கள் என்று போனில் வந்த செய்தியை நம்பிக் கார்டு நம்பர், கணக்கு நம்பர் எல்லாம் கொடுத்தேன், முதுகலை படித்தவன், அலுவலகத்தில் அடுத்தவன் கோப்பில் பிழை பிடித்தே காலம் தள்ளியவன், நீ தாராளமாகச் சிரித்துக்கொள். மறுநாளே கிரெடிட் கார்டில் யாரோ டிவி வாங்கிவிட்டார்கள். கார்டை முடக்கினேன், வங்கியும் அந்தப் பணத்தைத் திருப்பித் தந்தது, தொல்லை விட்டது என்று இருந்தேன். ஆனால் சேமிப்புக் கணக்கிலிருந்து மாதாமாதம் ஒரு ஜிம்முக்கும் ஒரு நாய்க் காப்பீட்டுக்கும் தானாகப் பணம் போயிற்று, புதுக் கார்டு வந்த பிறகும் போயிற்று. அப்படியென்றால் வீட்டுக்குள் வந்து போகிற ஆள்தான் என்று முடிவு கட்டினேன். பார்சல் செய்தி வந்த வாரம் நம் வீட்டில் நான்கு நாள் தங்கியவன் உன் மாமா. என் கல்யாணத்தன்று என் புது ஷூவை மாட்டிக்கொண்டு சினிமாவுக்குப் போனவன், பத்தாம் வகுப்பை மூன்று தரம் எழுதியவன், தெருநாய்க்கெல்லாம் பிஸ்கட் போடுகிறவன், வேறு சாட்சி எதற்கு என்று நினைத்தேன். உனக்கு எழுதியதோடு நிற்கவில்லை, வங்கிப் புகார்ப் படிவத்தில் சந்தேகப்படும் நபர் என்ற இடத்தில் அவன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அம்மாவுக்கு இது தெரியாது.

வங்கியில் இரண்டு மாதம் கத்தினேன். அங்கே புகார் வாங்கும் பெண், நீங்களே சேர்ந்துட்டு மறந்திருப்பீங்க சார், நாய் இல்லைன்னு ஏதாவது ஆதாரம் இருக்கா என்று கேட்டாள். இல்லாத நாய்க்கு நான் எங்கே போய் ஆதாரம் தேட. கடைசியில் அம்மா என்னைக் கேட்காமலே தன் தம்பியை, அதாவது உன் மாமாவையே கூப்பிட்டுவிட்டாள். வாஷிங் மெஷின் ரிப்பேருக்குப் போகிற பையோடு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தான், பாஸ்புக்கைப் புரட்டினான், மெஷின் சுவிட்சத்தான் அணைச்சிருக்கீங்க அத்தான், தண்ணிப் பைப்ப மூடவே இல்ல, கார்டு வேற கணக்கு வேற, மாசாமாசம் எடுத்துக்கன்னு கணக்குலயே நேரா அனுமதி போட்டு வச்சிருக்கான் என்றான். பிறகு நாய்க் காப்பீட்டுக் கம்பெனி நம்பரை அழுத்திப் போனை என் கையில் கொடுத்து ஸ்பீக்கரில் போடச் சொன்னான். ஸ்பேர் பார்ட்ஸுக்காகக் கம்பெனிக்காரர்களோடு தினமும் மல்லுக்கட்டுகிறவன் அல்லவா, பேசுகிறவர் பெயர், மணி, புகார் எண் எல்லாவற்றையும் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டான். பாலிசி உங்களுடையதுதான் சார் என்று காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து பேசியவள் சொன்னதும் நான் வழக்கம்போல் கத்த வாயைத் திறந்தேன், அவன் கையமர்த்திவிட்டு, எங்களுதுதானேம்மா, நாய் எங்களுதுன்னா நாய் பேப்பரும் எங்களுதுதான், நாங்க கையெழுத்துப் போட்ட ஃபாரம் ஒரு காப்பி அனுப்புங்க என்றான். எனக்கு இது தோன்றவே இல்லை. அன்று மாலைக்குள் படிவம் வந்துவிட்டது, வேறு ஊர் விலாசம், யாரோ ஒருவனின் போன் நம்பர், என்னுடையது அல்லாத கையெழுத்து, மூன்று வயது நாய். ஜிம்மிடமும் இதே மாதிரி வாங்கினான்.

மறுநாள் இருவரும் வங்கிக்குப் போனோம். அந்தப் பெண் கோப்பைப் பிரித்து வைத்தாள், மேலேயே என் படிவம். அவன் எதையும் முதல் வரியிலிருந்து விரல் வைத்துத்தான் படிப்பான். நான் டோக்கன் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் அவன் பெயரில் நின்றது. அத்தான் இதுல தேதி போடாம விட்டுட்டீங்க, இதையே சாக்கா வச்சுத் திருப்பி அனுப்பிடுவாங்க என்று பேனாவை என் பக்கம் தள்ளினான். பிறகு அவளிடம், மேடம், சந்தேகப்படற ஆளு இப்ப அட்ரஸோட கெடச்சிருக்கான், அந்த எடத்த மாத்தி எழுதிக்கலாமா என்று கேட்டான். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. ஒன்பது நாளில் பணம் முழுதும் திரும்பி வந்தது, இரண்டு அனுமதிகளையும் ரத்து செய்துவிட்டார்கள்.

வீட்டுப் பங்கில் ஏமாற்றிய உன் பெரியப்பாவைப் பதினாறு வருஷமாக நெஞ்சில் வைத்திருக்கிறேன், என் பதவி உயர்வைத் தட்டிப் பறித்தவனை ஒன்பது வருஷமாக. அவர்களை விடுவதாக இல்லை. ஆனால் தன்னைத் திருடன் என்று எழுதியவனுக்கே தேதி போடப் பேனா கொடுக்கிற மனசை நான் படித்த எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அன்று வங்கியிலிருந்து திரும்பி வரும்போது உன்னைப் பற்றி, பாப்பா ரெண்டு மாசமா என் போனையே எடுக்க மாட்டேங்குது, வேல ஜாஸ்தியா அத்தான் என்று கேட்டான். ஆமாம், வேலை ஜாஸ்தி என்றேன். அவனுக்குக் காரணம் புரிந்திருக்கும், கேட்டதே நான் சொல்வதற்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கத்தான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போதும் நான் சொல்லவில்லை.

எந்தப் பார்சல் வந்தாலும் யாருக்கும் கணக்கு நம்பர் கொடுக்காதே, கார்டை முடக்கினால் எல்லாம் நின்றுவிடும் என்று நினைக்காதே, மாதம் ஒரு தரம் தானாகப் போகிற பணத்தின் பட்டியலைப் பார். உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசிகள், குறைவில்லாமல் இருங்கள். மாமாவைக் கூப்பிடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில்தான் இருப்பான். அப்பா எழுதியதை நம்பித்தான் போனை எடுக்கவில்லை என்று உள்ளதைச் சொல்லிவிடு, அப்பாவே சொல்லச் சொன்னார் என்றும் சொல். அதற்கு மேல் அவன் ஏதாவது கேட்டால் போனை வைக்காமல் என்னையும் அதிலேயே சேர்த்துக் கூப்பிடு, நானும் பேசுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா