சிவப்புக் கைப்பிடியும் முறுக்கு டின்னும்

ஞாயிறு, இரவு. தலைநகரின் துவாரகா.

இன்று நடந்ததை ஈரேழு பதினான்கு லோகத்திலும் ஒருவர்கூட நம்பமாட்டார் என்று சத்தியம் செய்து தொடங்குகிறேன்.

ஹரித்வார் போக, படுக்கையும் அடுப்பும் உள்ள கேரவன் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். ஏர்போர்ட்டில் வேலை பார்க்கும் அக்கா மகள் வித்யா, ஏறியதுமே பின் ஜன்னலின் சிவப்புக் கைப்பிடியைக் காட்டினாள். "அவசரம்னா இதுதான் வழி மாமா. முன்னாடி சாமான் வைக்காதீங்க."

"அச்சா மேடம்!" என்று சல்யூட் அடித்துவிட்டு, அங்கேயே என் முறுக்கு டின்னை வைத்தேன்.

புறப்படுமுன் வண்டிக்குப் பூஜை. வெளியே அக்கா சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். காற்றில் அணையுமே என்று கற்பூரத்தை நான் உள்ளே, வாசற்படியில் ஏற்றினேன். உள்ளே நானும் வித்யாவும் மட்டும். கதவுத் திரை பற்றிக்கொண்டது. குதுப்மினார் உயரத்துக்குத் தீ! நான் வித்யாவைத் தோளில் சுமந்து, ஜன்னல் வழியே யமுனைவரை பறந்தேன்.

அக்காவிடம் இப்படித்தான் சொன்னேன். உண்மையில், டின்னை உதைத்துத் தள்ளிக் கைப்பிடியை இழுத்தவள் வித்யா. நானோ டின்னை எடுக்கக் குனிந்தேன்.

"மாமா, முறுக்கு அப்புறம்! குதிங்க!"

குதித்தோம். டிரைவர் இரண்டு வாளித் தண்ணீரில் தீயை அணைத்தார். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அப்பாடா.

இறங்கியபின் வெகுநேரம் நானும் வித்யாவும் பிடித்த கையை விடவில்லை. "பாவம், குழந்தை கை நடுங்குது," என்று அக்காவிடம் சொன்னேன்.

நடுக்கம் மட்டும் உண்மை. கை என்னுடையது.