நம் ஊர்ப் பீரங்கி சுட்ட ஒரே குண்டு

அன்புள்ள செல்ல மகளுக்கு, அம்மா எழுதுவது. கடவுள் கிருபையில் நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்கால் வலிகூட இந்த வாரம் லீவு போட்டிருக்கிறது, நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்றே நம்புகிறேன். உன் சுற்றுலாக் கம்பெனியிலிருந்து நம் ஊரைப் பார்க்க ஆட்கள் வந்த விவரத்தை ஒன்றுவிடாமல் எழுதச் சொல்லியிருந்தாய். சனிக்கிழமை காரில் இருந்தவர்கள்: ஓட்டும் இடத்தில் அப்பா (பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் இன்னொருவர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுப்பாரா), அவர் பக்கத்தில் படம் எடுக்கும் தாடிக்காரத் தம்பி, பின்னால் உன் மேலதிகாரி அம்மா, நான், கூப்பிடாமலே பவுடர் பூசிக்கொண்டு வந்து ஏறிய உன் அத்தை. நம் ஊர் அவர்கள் சுற்றுலாப் பட்டியலில் சேர்ந்தால் இங்கே ஒரு கிளை திறப்பார்கள், திறந்தால் நீ வீட்டோடு வந்துவிடுவாய், இதுதான் எங்கள் மூன்று பேர் மனதிலும் ஓடியது, அதனால் பரீட்சைக்குப் போகும் பிள்ளை மாதிரி சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் காரில் கால் வைத்தேன்.

முதலில் மணிக்கூண்டு. நாலு முகமும் நாலு நேரம் காட்டுவதை ஏன் சரிசெய்யவில்லை என்று அதிகாரி அம்மா கேட்டார், பூட்டுக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, எந்தப் பக்கத்து நேரம் சரின்னு நாங்க இன்னும் சண்டை போட்டு முடிக்கலீங்க என்றார். கிழக்குக் கடைகள் கிழக்கு முகத்தைப் பார்த்தும் மேற்குக் கடைகள் மேற்கைப் பார்த்தும் திறக்கிற கதையைக் கேட்டு அதிகாரி அம்மா சிரித்துக்கொண்டிருக்கும்போதே உன் அப்பா ஆரம்பித்துவிட்டார். ஒரு ராஜா நாலு ராணிகளுக்காக நாலு நேரம் வைத்தாராம்! ராஜாவும் இல்லை ராணியும் இல்லை, நகரசபை நாலு கம்பெனியில் நாலு கடிகாரம் வாங்கியது, கீழே கல்லிலேயே வெட்டியிருக்கிறது என்றேன். கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டியே படிக்கக் கற்றவள் நான், ஒரு கல்லையும் விடமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். அடுத்து ஆறில்லாத பாலம். ஏதோ ஒரு வெள்ளத்தில் ஆறு தன் பாட்டுக்கு வேறு வழி போய்விட, பாலம் மட்டும் காய்ந்த மண்ணில் நிற்கிறது, ஒரு வளைவுக்குள் முடிதிருத்துபவர், இன்னொன்றில் தையல்காரர், கடைசியில் சைக்கிள் கடை. அங்கே அரண்மனைக்குப் போகும் சுரங்கம் இருக்கிறது என்றார் அப்பா. சைக்கிள்காரர் பழைய டயர் போட்டு வைக்கும் பொந்து அது என்றேன். அத்தை என் தொடையில் கிள்ளி, அண்ணி, செத்த நேரம் வாய்க்குப் பூட்டுப் போடக் கூடாதா, பொண்ணு வேலைக்கே உலை வச்சிருவீங்க போலிருக்கே என்றாள். அப்பாவும் கண்ணாடியில் முறைத்து, இவளே, நீ யாரு பக்கம் என்றார். என்ன செய்வது, வராத வரவை வீட்டுக் கணக்கில் எழுத என் கை எழும்பாது, வாயும் அப்படித்தான்.

கோட்டை மேட்டுப் பீரங்கிக்குப் போனபோது பேசுவதில்லை என்றுதான் இருந்தேன். இது ஒரு பெரும்படையையே ஓட ஓட விரட்டியது என்று அப்பா கையை வீசிச் சொன்னார். அதிகாரி அம்மா என் பக்கம் திரும்பி, நீங்க சொல்லுங்கம்மா, ஓடினாங்களா என்றார். படை எதுவும் வரவே இல்லை, பரீட்சை பார்க்கச் சுட்டது ஒரே ஒரு குண்டு, அதுவும் திசை மாறிப்போய்த் தளபதியின் சமையலறையில் விழுந்தது, ஆளுக்குச் சேதமில்லை, அவர் மத்தியானச் சாப்பாடுதான் போச்சு, இடிந்த சுவர் இன்னும் இருக்கிறது, பலகையிலும் எழுதியிருக்கிறது என்றேன். அப்பா முகம் சுண்டிவிட்டது. எனக்கும் பகீர் என்றது, மகள் வருகிற வழியை நானே அடைத்துவிட்டேனோ என்று. அந்த அம்மாவோ பீரங்கியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஜெயிச்ச பீரங்கி ஊருக்கு ஊர் பார்த்து அலுத்துப் போச்சும்மா, சொந்த அடுப்பையே சுட்டதை இப்பதான் பார்க்கறேன் என்றார். உடனே உன் அப்பா இடிந்த சமையலறைக்குள் போய், எங்கேடா என் சோறு என்று தளபதியாகவே நின்று கத்த, தாடிக்காரத் தம்பி சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தான். கூட்டம் கூடிவிட்டது. எனக்கு அப்போது வந்த பெருமையைக் கணக்கில் எந்தப் பக்கத்தில் எழுதுவது!

வீட்டில் டீ குடித்துக்கொண்டே, நம் ஊரைச் சேர்த்தாயிற்று என்றார் அதிகாரி அம்மா. அத்தை அழுதாள், அப்பா தெருவுக்குச் சொல்ல ஓடினார். அப்போதுதான் அந்த அம்மா என்னிடம், உங்க பொண்ணு போட்ட சுற்றுலா வழிகளைத்தான் எல்லா ஊருக்கும் வச்சிருக்கோம், இங்க கிளையை எடுத்து நடத்தறியான்னு முன்னாடியே கேட்டிருந்தேன், இன்னும் பதில் சொல்லலை என்றார். முதல் பாதியைக் கேட்டு நெஞ்சு நிறைந்தது, இரண்டாம் பாதி எனக்குப் புதிது. அவள் யோசித்துத்தான் சொல்வாள், சொன்னால் மாற மாட்டாள் என்று மட்டும் சொன்னேன். உனக்கு அங்கே என்ன வேர் பிடித்திருக்கிறதோ, நான் துருவவில்லை. நீ வராவிட்டால் குறைப்பட மாட்டோம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். கொஞ்ச நாள் குறைப்படுவோம், பிறகு சரியாகிவிடுவோம். எங்களுக்காக மட்டும் என்று வந்துவிடாதே, அதுதான் எனக்குத் தாங்காது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, அவர் உன் அறைக்கு வர்ணம் அடிக்க ஆள் பேசிவிட்டார், ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போடுகிறேன். எங்கே இருந்தாலும் சாமி உனக்குத் துணை நிற்கட்டும், நினைத்தது கைகூடட்டும். குளிரில் காதைக் கட்டாமல் வெளியே போகாதே. வருவாயா மாட்டாயா, இரண்டில் ஒன்றை உடனே எழுது.

உன்னை நினைத்தபடி,
அம்மா