ஈரப்பலா மரத்தைச் சுற்றி ஒரு தேர்வு

அன்புள்ள மைனா,

பிரிஸ்பேனில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நான், அப்பா, பன்றிகள் எல்லோரும் சௌக்கியம். இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகப் பெரிய பன்றியின் முதுகிலிருந்து 'ஆன்' என்று எழுதிய சீட்டைப் பிய்த்தெடுத்தேன். ஈரப்பலாப் பாலைத் தடவி உன் அப்பா ஒட்டியது, சீட்டோடு கொஞ்சம் முடியும் வந்துவிட்டது, பன்றி என்னை மன்னிக்கவில்லை. கட்டிலுக்கடியில் 'அண்டர்', கூரையில் 'ஓவர்', கழிப்பறைக் கதவில் 'இன்டூ' என்று வீடு முழுக்க இன்னும் தொங்குகின்றன. அவற்றைப் பிய்க்க மனம் வரவில்லை.

பக்கத்து ஊர்க் கடற்கரையில் ஒரு ஓட்டல் கட்டுகிறார்கள் என்று சொன்னேன் அல்லவா, அதற்கு வேன் ஓட்டியபடியே விருந்தாளிகளுக்கு வழியும் இடமும் இங்கிலீஷில் சொல்ல ஓர் ஆள் வேண்டுமாம். பஸ் முதலாளி பஸ்ஸை விற்றதிலிருந்து அப்பா சும்மா இருக்கிறார், இது கிடைக்காவிட்டால் திரும்பவும் நியூசிலாந்துக்கு ஆப்பிள் பறிக்கப் போகவேண்டியதுதான் என்கிறார். போனமுறை ஏணி ஏறி இறங்கி முழங்கால் வீங்கி வந்தாரே, அந்த மாதங்களில் நான் ரேடியோவில் செய்தி வாசிக்கிறவரோடு வாய்விட்டுப் பேச ஆரம்பித்திருந்தேன், அவருடைய கருத்துகள் எனக்குப் பிடிக்காமல் சண்டைகூடப் போட்டேன். ஆகையால் அப்பாவை இந்த முறை விடக்கூடாது என்று நானே இங்கிலீஷ் பாடம் எடுத்தேன். எது எங்கே இருக்கிறது என்று சொல்ல நம் மொழியில் ஒரு சின்ன 'இ' போதும், மிச்சத்தைக் கடல்பக்கம் மலைப்பக்கம் என்று கை காட்டிவிடலாம். இங்கிலீஷில் மேசைக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று. காருக்குள் 'இன்' என்றும் பஸ்ஸில் 'ஆன்' என்றும் நான் சொன்னபோது, "அப்ப இத்தன வருசமா நான் கூரை மேல உக்காந்தா பஸ் ஓட்டுனேன்?" என்று கேட்டுவிட்டு மதியச் சாப்பாடுவரை என்னோடு பேசவில்லை. ஆனாலும் கெட்டிக்காரர்தான், ஒரு வாரத்தில் நாய் எங்கிருந்து எதன் வழியாக எதற்குள் ஓடியது என்று ஒரு சொல் பிசகாமல் சொன்னார்.

தேர்வு வைக்க வந்த பெண்ணின் பெயர் எதெவிசே, நம் இனத்துப் பெண்தான், ஆனால் ஆக்லாந்திலேயே பிறந்து வளர்ந்தவள். ஓட்டலுக்கு இன்னும் கூரை போடாததால் நம் ஊர்க் கூட்டவீட்டில்தான் தேர்வு. வெளியாள் வந்தால் நம் தலைவர்கள் சும்மா இருப்பார்களா, அவரவர் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, வேரை இடித்துக் கரைத்த ஆவா கொடுத்து வரவேற்றார்கள், வரவேற்றுவிட்டு எழுந்து போகவும் இல்லை, நன்றாகச் சம்மணம் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். நான் பின்னால் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். தேர்வு என்னவென்றால், அவள் சொல்கிறபடி இவர் நடக்கவேண்டும், நடந்தபடியே என்ன செய்கிறோம் என்று இங்கிலீஷில் சொல்லவேண்டும். முதல் கேள்வியே, அந்தப் பெரியவருக்கு முன்னால் நில்லுங்கள். அந்தப் பெரியவர் யார் என்றால் உன் பெரியப்பா, ஊருக்காகப் பேசுகிற தலைவர் லெயாதா. உட்கார்ந்திருக்கிற தலைவர் முன்னால் இவர் எப்படி நிற்பார், பேசாமல் உட்கார்ந்துவிட்டார், நான் அண்ணனுக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறேன் என்று அழகான இங்கிலீஷில் சொன்னார். அவள் தவறு என்று குறித்துக்கொண்டாள். அடுத்து, அந்த இரண்டு பேருக்கு நடுவே நடந்து போங்கள் என்றாள், அவர்களும் தலைவர்கள், குறுக்கே போகலாமா? இவர் குனிந்து மன்னிப்புக் கேட்டபடி வீட்டைவிட்டே வெளியேறினார். நாங்கள் ஆளைக் காணாமல் குரலை மட்டும் கேட்டோம், இப்போது ஈரப்பலா மரத்தைச் சுற்றிப் போகிறேன், நாயைத் தாண்டிப் போகிறேன், பின்பக்கமாக உள்ளே வருகிறேன் என்று ஒவ்வொன்றுக்கும் சரியான சொல்லைப் போட்டுக்கொண்டே வந்து சேர்ந்தார். மைனா, எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் அதையும் தவறு என்று குறித்துக்கொண்டாள்.

கடைசியாக, இந்தத் தொப்பியை அவர் தலைமேல் வையுங்கள் என்று பெரியப்பாவைக் காட்டினாள். தலைவரின் தலையை யாராவது தொடுவார்களா? அப்பா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வியர்த்துப்போய் நின்றார், நிற்கிறோம் என்பது நினைவு வந்ததும் சட்டென்று உட்கார்ந்தார். பெரியப்பா, "டேய் தம்பி, வச்சன்னா ஒரு பன்னி அபராதம், வைக்கலன்னா வேலை போச்சு, யோசிச்சுக்கோ" என்றார். பக்கத்துத் தூண்காரர், "அபராதத்த முன்கூட்டியே கட்டிட்டு அப்புறம் வச்சா தப்பு இல்லையே?" என்று ஒரு நியாயத்தைக் கிளப்ப, அதற்கு இன்னொருவர், "அப்படி விட்டா நாளைக்கு ஆளாளுக்குப் பன்னியோட வந்து நம்ம தலையில எதையாவது வைப்பான்" என்றார். விவாதம் சூடுபிடித்து, தொப்பிக்குத் தனி அபராதமா என்பதுவரை போய், ஆவாவும் தீர்ந்துபோனது. எதெவிசே பாவம், என்ன நடக்கிறது என்று புரியாமல் கடைசிவரை நடுவில் நின்றுகொண்டே இருந்தாள். என் பக்கத்திலிருந்த ஒருத்திதான் அவள் பாவாடையை இழுத்து உட்காரவைத்தாள்.

அப்பா தேறவில்லை. நான் வாசல்வரை போய் அவளிடம் எல்லாவற்றையும் விளக்கினேன், அவள் முகம் சிவந்து, "அய்யோ ஆன்ட்டி, எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னே போட்டுருவாங்க" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். வெள்ளிக்கிழமை தலைநகர் ஆபியாவில் மறுபடி வைக்கிறேன், வெறும் மேசையும் மரப்பொம்மையும்தான் இருக்கும், அவரை அனுப்புங்கள், இல்லாவிட்டால் நன்றாக ஓட்டத் தெரிந்த வேறு யாரையாவது அனுப்புங்கள் என்றாள். அப்பாவோ, "நான் சொன்னதுல ஒரு வார்த்தை தப்பா? மரப்பொம்மைகிட்டப் போய் நிரூபிக்கணுமா? எனக்கு ஆப்பிளே போதும்" என்று படுத்துவிட்டார். கெஞ்சியாயிற்று, அழுதுகூடப் பார்த்தாயிற்று, அசையவில்லை. திங்கட்கிழமை போய் ஆப்பிள் வேலைக்குப் பெயர் கொடுக்கப் போகிறாராம்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள், ஞாயிறு கோயிலுக்குப் போகாமல் போனில் பாட்டுக் கேட்டுவிட்டு, போய்வந்தேன் என்று சொல்லாதே. அத்தை கொடுத்துவிட்ட கோகோவை அலமாரியிலேயே வைத்து வீணாக்காதே. கடவுள் உன்னை நடக்கும்போதும் இருக்கும்போதும் காக்கட்டும். அப்பாவிடம் பேசும்போது இதை மட்டும் சொல்லிவிடாதே. பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷமாகப் பிள்ளைகளை உள்ளே, வெளியே, குறுக்கே, அப்பால் என்று அனுப்பிக்கொண்டே இருக்கிறேன், நான் மட்டும் அதே கரும்பலகையை விட்டு நகரவில்லை என்பது அன்று கூட்டவீட்டின் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது. சந்தைக்கும் கோயிலுக்கும் நம் பிக்கப்பை ஓட்டுவது யார், நான்தானே. வீட்டுக்கு ஒரு சம்பளம் வந்தால் அவர் எதற்கு ஏணி ஏறவேண்டும்? வெள்ளிக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் நான் ஆபியாவுக்குப் போகிறேன். அந்தப் பொம்மையின் தலைமேல் எதை வைக்கச் சொன்னாலும் வைத்துவிடுவேன்.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
ரூதா